கடைசியாக வருபவரின் வேகத்தில் ஒரு சைக்கிளோட்டக் குழு: ஈசூன் அனுபவமும் ஒரு கேள்வியும்

#1 ஈசூன்_குளக்கரை

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கிலும் அக்கம்பக்கத்துப் புளோக்குகளிலும் குடியிருக்கும் பதினொரு பேர், ஞாயிறுதோறும் காலை 7 மணிக்குச் சைக்கிளில் கிளம்புகிறோம். ஈசூன் குளத்தைச் சுற்றிக்கொண்டு, லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தின் கரையோரமாக ரோவர்ஸ் பே பூங்கா வரை சென்று, அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவோம். போகவர ஏறத்தாழ 10 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல் ஆகும். எங்களில் மூத்தவருக்கு வயது 71, இளையவருக்கு 34. பதினான்கு மாதங்களாகத் தடையின்றி நடக்கும் இந்தக் குழுவில் இப்போது ஒரு சிக்கல் வந்திருக்கிறது. குழு எப்படி உருவானது என்று சொன்னால்தான் அது உங்களுக்குப் புரியும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பலதுறை மருந்தகத்தில் என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 8.1 விழுக்காடு என்று வந்தது. உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார்கள். நல்ல சைக்கிள் ஒன்றை வாங்கி, நண்பர் ஒருவர் மூலம் சாலையில் ஓட்டும் ஒரு குழுவில் சேர்ந்தேன். விடியுமுன் கிளம்பி மணிக்கு 28, 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர்கள் அவர்கள். மூன்றாவது வாரம் மண்டாய் சாலையில் ஒரு விளக்கில் அவர்கள் கடந்துவிட்டார்கள், எனக்குச் சிவப்பு விழுந்தது. அவர்களுடைய சிவப்புப் பின்விளக்குகள் ஒவ்வொன்றாக வளைவில் மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை, ஏனெனில் அவர்கள் கூடியதே வேகத்திற்காகத்தான். ஆனால் அன்று வீட்டு வாசலில் சாத்திய சைக்கிளை நான்கு மாதம் தொடவில்லை.

ஒரு நாள் மின்தூக்கியில் ஏழாம் மாடி ஐயா, "தம்பி, அந்தச் சைக்கிள் சும்மாதானே நிற்கிறது? ஞாயிற்றுக்கிழமை குளம் வரைக்கும் போய் வரலாமா?" என்று கேட்டார். 71 வயதுக்காரர் அவர்தான். அவருடைய வேகத்தில் நானும் சென்றேன். நடப்பவர்கள் சிலர்கூட எங்களைத் தாண்டிப் போவார்களோ என்று நினைக்கும் அளவுக்கு மெதுவாகத்தான் சென்றோம். ஆனால் அடுத்த ஞாயிறும் சென்றோம், அதற்கடுத்த ஞாயிறும் சென்றோம். அப்படியே ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். ஒரே ஒரு விதியை மட்டும் வைத்துக்கொண்டோம்: வழி தெரிந்தவர் ஒருவர் முதலில், அவருக்கு அடுத்து குழுவிலேயே மெதுவானவர், கடைசியில் பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர். முன்னால் இருப்பவரை யாரும் தாண்டக் கூடாது.

கடந்த மூன்று மாதங்களில் நான்கு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். நாற்பதை ஒட்டிய வயது, நல்ல மனிதர்கள். பொங்கோல் வழியாகக் கோனித் தீவு வரை போகலாமே என்பது அவர்கள் விருப்பம். அவர்கள் வந்தபின், முழங்கால் வலியுள்ள ஓர் அக்காவும் 66 வயது அண்ணன் ஒருவரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். தொலைபேசியில் அழைத்துக் கேட்டதற்கு, "எங்களால் உங்களுக்கு இடைஞ்சல்" என்றார்கள். யாரும் அவர்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் முன்னால் போன புதியவர்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்ததை நான் கவனித்தேன், விலகிய இருவரும் கவனித்திருப்பார்கள்.

பூங்கா இணைப்புப் பாதைகள் இன்று 300 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கின்றன. தீவைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குத் திட்டமிட்ட பாதையில் கிழக்குப் பக்கத்து 75 கிலோமீட்டர் 2021-இலேயே தயாராகிவிட்டது. நம் வீட்டு வாசலிலிருந்தே அவற்றில் ஏறிவிடலாம். இருந்தும் யாருக்கு இந்தப் பயிற்சி மிகவும் தேவையோ அவர்கள்தாம் முதலில் விலகுகிறார்கள். குழுவை இரண்டாகப் பிரிப்பதா, வேகத்திற்கு உச்சவரம்பு வைப்பதா, வேறு வழி உண்டா? நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தாதி_உட்லண்ட்ஸ்

அண்ணன், நான் நீரிழிவு நோயாளிகளைப் பார்க்கும் தாதி. உங்கள் கேள்விக்கு வருமுன், இது ஏன் நம் சமூகத்திற்கு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2010-இல் எடுக்கப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களிடையே நீரிழிவு சீனர்களில் 9.7 விழுக்காடு, மலாய்க்காரர்களில் 16.6 விழுக்காடு, இந்தியர்களில் 17.2 விழுக்காடு. பழைய எண்கள்தான். ஆனால் அந்த ஆய்வுக்குப் பிறகு நான் பணியில் பார்த்த எதுவும் நாம் நிம்மதியாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்ற வைக்கவில்லை.

தசை வேலை செய்யும்போது, இன்சுலினை எதிர்பார்க்காமலேயே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருப்பதாலும், சைக்கிள் அவற்றை இடைவிடாமல் இயக்குவதாலும், உடல் எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்கிக்கொள்வதாலும், நடக்கச் சொன்னால் முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் பலருக்கு நான் இதைப் பரிந்துரைக்கிறேன். நிதானமாக ஓட்டினாலே சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு சக்தி செலவாகும். எனவே, மெதுவாகப் போனால் பயனில்லை என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம்.

வேகத்தை அளக்கக் கருவியும் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது; அதுதான் மிதமான உழைப்பு. 71 வயது ஐயாவுக்கு அந்த நிலை மணிக்கு 9 கிலோமீட்டரில் வந்துவிடலாம், 34 வயதுக்காரருக்கு 20 கிலோமீட்டரில் வரலாம். ஆகவே உச்சவரம்பாக ஓர் எண்ணை வைத்தால், அது ஒருவருக்கு அதிகமாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், தவறாக எண்ண வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுவது போதாது. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பதே இங்குள்ள வழிகாட்டி. அதைவிட முக்கியமாக, உழைத்த தசையின் சர்க்கரை இழுக்கும் திறன் ஓரிரு நாளில் தணிந்துவிடும் என்பதால், நீரிழிவு உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்கக் கூடாது. புதன் அல்லது வியாழன் மாலையில் குளத்தை மட்டும் சுற்றும் அரை மணி நேரச் சுற்று ஒன்றைச் சேர்க்க முடியுமா? விலகிப்போன அந்த இருவரையும் முதலில் அதற்கு அழைத்துப் பாருங்கள். சைக்கிளில் எலும்பின் மீது எடை விழாது என்பதால், மற்ற நாட்களில் நடையை விட்டுவிடவும் வேண்டாம்.

இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைத் தாழ இறக்கக்கூடிய மாத்திரை எடுப்பவர்களும் கிளம்புமுன் அளந்து பாருங்கள். லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். வழியில் கை நடுங்கி வியர்த்துக் குழப்பமாக இருந்தால், அல்லது அளவு 4-க்குக் கீழே போனால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்த நீரோ அரைக் குவளைப் பழச்சாறோ குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். கடைசியில் வருபவரின் பையில் பஞ்சர் ஒட்டும் பொருளோடு ஒரு பழச்சாறுப் பொட்டலமும் இருக்கட்டும். கண்ணின் விழித்திரையில் பாதிப்பு இருப்பவர்களும், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பாதத்தை மூடும் காலணி கட்டாயம். முடிந்தபின் உணவங்காடி நிலையத்தில் உட்கார்வது எல்லாக் குழுக்களிலும் நடப்பதுதான், அதை நான் தடுக்க மாட்டேன். இரண்டு பரோட்டாவுக்கும் தே தாரிக் என்ற இனிப்புப் பால்தேநீருக்கும் பதிலாக ஒரு தோசையும், பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்கும் கேளுங்கள்.

#3 அங்மோகியோ_அக்கா

விலகிப்போன அந்த அக்காவின் இடத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். நான் சைக்கிள் கற்றது 52 வயதில். சிறுவயதில் தம்பிகள் இருவருக்கும் அப்பா சைக்கிள் வாங்கித் தந்தார். எனக்கு வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. அங் மோ கியோவில் 2016-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் தனித்தனிப் பாதை போட்டார்கள். அந்தச் செந்நிறப் பாதையில் என் வயதுச் சீனப் பெண்கள் காய்கறிப் பையைக் கூடையில் போட்டுக்கொண்டு போவதைச் சமையலறைச் சன்னலிலிருந்து பல மாதம் பார்த்த பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது.

என் மகள் ஒரு பழைய சைக்கிளின் பெடல்கள் இரண்டையும் கழற்றிவிட்டு, பாதம் முழுவதும் தரையில் படியும்படி இருக்கையை இறக்கித் தந்தாள். புளோக்குக்குப் பின்னால் உள்ள கூடைப்பந்துத் திடலில், இரவு ஒன்பதரைக்குப் பையன்கள் போன பிறகு இறங்குவோம். பெடல் இல்லாத சைக்கிளில் உட்கார்ந்து, நடப்பதுபோலக் காலால் உந்தி உந்திப் போக வேண்டும், அவ்வளவுதான். மூன்று இரவுகள் அதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. நான்காம் இரவு இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டு வாய்விட்டு எண்ணினேன்; எட்டு வரை வந்தது. எண்ணும்போது மூச்சைப் பிடித்திருந்தேன் என்பது நின்ற பிறகுதான் தெரிந்தது. அதற்கடுத்த வாரம் பெடலை மாட்டினோம். சல்வாருக்கு மேல் துப்பட்டா போடுபவர்கள் அதை இடுப்பில் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். சங்கிலியில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும், எனக்கு ஒருமுறை முந்தானை அளவுக்குக் கிழிந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் பெண்களில் பலருக்கு நீங்கள் சொல்லும் 10 கிலோமீட்டருக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. அவர்களுக்கு ஓட்டவே தெரியாது, தெரியாது என்று சொல்லக் கூச்சம். "யாரும் வரலாம்" என்று அழைப்பு விடுத்தால், அந்த "யாரும்" என்ற சொல்லுக்குள் தாங்கள் இல்லை என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். "ஓட்டத் தெரியாதவர்கள் வெள்ளிக்கிழமை இரவு வாருங்கள், கற்றுத் தருகிறோம்" என்று எழுதிப் பாருங்கள். கற்றுத்தருபவர் ஒரு பெண்ணாக இருந்தால் கூடுதலாக வருவார்கள். ஈசூனில் நடந்தால் நானே வருகிறேன். எம்ஆர்டியில் சில நிலையங்கள்தானே.

#4 பிடோக்_நடையர்

எதிர்க்கருத்து ஒன்றை மரியாதையோடு வைக்கிறேன். என் அம்மாவுக்கு 74 வயது. சென்ற ஆண்டு எங்கள் புளோக்கின் முன்னுள்ள நடைபாதையில், பின்னாலிருந்து மணி அடிக்காமல் வந்த சைக்கிள் ஒன்று அவருடைய தோளில் உரசியது. விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் இப்போது அவர் தனியாகக் கீழே இறங்குவதில்லை. தினமும் காலையில் சந்தைக்கு நடந்து போய் வந்தவர் அவர். அதுதான் அவருடைய உடற்பயிற்சி, அதுதான் அவருடைய பேச்சுத்துணை.

2010-இல் தெம்பனிஸில் மட்டும் நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாம் என்று தொடங்கி, 2018 மே மாதம் சட்டம் நடப்புக்கு வந்ததிலிருந்து தீவு முழுவதும் அப்படி ஆகிவிட்டது. எல்லாருக்கும் எட்டும் உடல்நலம் என்று நீங்கள் பேசும்போது, சைக்கிளில் ஏறவே முடியாத முதியவர்கள் அந்த "எல்லாரிலும்" அடங்குவார்களா? பதினொரு சைக்கிள்கள் வரிசையாக வந்தால் என் அம்மா எங்கே ஒதுங்குவார்?

#5 ஈசூன்_குளக்கரை

பிடோக் நண்பருக்கு: அம்மாவைப் பற்றிப் படித்தபோது மனம் கனத்தது. இதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. நாங்கள் செய்வதை மட்டும் சொல்கிறேன். போதாது என்றால் எழுதுங்கள்.

நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், பூங்கா இணைப்பிலும் சைக்கிளோட்டப் பாதையிலும் 25 கிலோமீட்டர் என்பது சட்டம் வகுத்த உச்சவரம்பு. 2025 ஜூலை 1 முதல், சைக்கிளோட்டப் பாதையை ஒட்டி நடப்பவர்களுக்கென்றே ஒதுக்கிய பாதையில் சைக்கிளுக்கு இடமே இல்லை. சைக்கிளோட்டப் பாதை இல்லாத இடங்களில் நடைபாதையில் ஓட்டலாம் என்றாலும், எங்கள் புளோக்குகளிலிருந்து குளம் வரையுள்ள 400 மீட்டரில் நாங்கள் ஏறுவதில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடக்கிறோம். முதல் மாதம் இதற்கு முணுமுணுப்பு இருந்தது. இப்போது அந்த 400 மீட்டர் நடைதான் எல்லாரும் வீட்டு விஷயம் பேசிக்கொள்ளும் நேரம். பேருந்து நிறுத்தங்களின் பின்னால் எப்போதும் இறங்கிவிடுவோம், ஏனெனில் பேருந்திலிருந்து இறங்குபவர் எந்தப் பக்கம் காலை வைப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. இணைப்புப் பாதையில் பதினொரு பேரும் ஒரே சரமாகப் போகாமல் நான்கு நான்கு பேராக இடைவெளி விட்டுப் போகிறோம். முதியவர் ஒருவர் முன்னால் நடந்தால் தூரத்திலேயே ஒரு முறை மணி அடித்து, அவர் திரும்பிப் பார்த்த பிறகுதான் தாண்டுவோம். காது கேளாதவராக இருந்து அவர் திரும்பாவிட்டால், இறங்கி நடந்தே கடப்போம்.

இவற்றைச் செய்ய முடிவதற்குக் காரணம் எங்கள் மெதுவான வேகம்தான் என்பதை உங்கள் பதிவைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். விலகிப்போன இருவருக்காக நான் காக்க நினைத்த அதே வேகம், உங்கள் அம்மா போன்றவர்களுக்கும் தேவைப்படுகிறது. வேகத்தைக் கூட்டினால், இறங்கி நடக்கும் வழக்கம்தான் முதலில் போகும்.

தாதி தங்கைக்கும் அக்காவுக்கும் நன்றி. புதன்கிழமை மாலைச் சுற்றைப் பற்றி ஏழாம் மாடி ஐயாவிடம் பேசினேன், அவருக்குச் சம்மதம். பெண்களுக்கான பயிற்சி குறித்து என் மனைவியிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முதல் ஆளாக என் பெயரை எழுதுங்கள்" என்றாள். முப்பது ஆண்டு ஒரே வீட்டில் இருந்தும், அவளுக்கு ஓட்டத் தெரியாது என்பதை நான் ஒருநாளும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை.

#6 பழைய_செயின்

முழங்கால் வலி என்று எழுதியிருந்தீர்கள். நான் சைக்கிள் பழுதுபார்ப்பவன். முப்பது ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன், பாதிப் பேருக்கு வலி இருக்கையின் உயரத்தில் இருக்கிறது. பயத்தில் இருக்கையைத் தாழ இறக்கிவிடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, மூட்டின் முன்பக்கத்தில் வலிக்கும். சரியான உயரத்தைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழே கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முழங்காலில் இலேசான மடிப்பு தானாக வரும். அந்த உயரத்தில் உட்கார்ந்தபடி காலைத் தரையில் முழுதாக ஊன்ற முடியாது. நிற்கும்போது இருக்கையிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழக வேண்டும். அதற்கு நடுக்குழாய் தாழ்ந்த சைக்கிள் ஏற்றது. பெண்கள் சைக்கிள் என்று ஆண்கள் ஒதுக்கிவிடுகிறார்கள், ஆனால் காலைத் தூக்கிப்போட முடியாத வயதில் எல்லாருக்கும் உகந்தது அதுதான்.

கியரை இலகுவாக வைத்துக் காலை வேகமாகச் சுற்றட்டும். கனமான கியரில் மிதித்தால் மூட்டுக்குத்தான் பாரம். புதிதாக வாங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. நம் புளோக்குகளின் கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பாருங்கள், நகர மன்றத்தின் அறிவிப்புச் சீட்டு கட்டிய நிலையில் எத்தனை சைக்கிள்கள் துருப்பிடித்து நிற்கின்றன. உரிமையாளரிடம் கேட்டு வாங்கி, சங்கிலியும் டயரும் பிரேக் கட்டையும் மாற்றினால் அவற்றில் பல இன்னும் பத்து ஆண்டு ஓடும். இந்த ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் வாரம் ஒரு முறை சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். பெடலைக் கழற்றிக் கற்றுக்கொள்ளும் முறை நல்ல முறை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும், வழக்கம்போலத் திருகினால் மேலும் இறுகித்தான் போகும்.

வேகக்காரர்கள் நால்வரைப் பற்றி என் கருத்து: குழுவைப் பிரிக்க வேண்டாம். முதல் 10 கிலோமீட்டர் எல்லாரும் ஒன்றாகப் போகட்டும், வழிகாட்டுவதும் கடைசியில் வருவதும் அந்த நால்வரின் பொறுப்பாகட்டும். தேநீர் குடித்தபின் அவர்கள் பொங்கோலுக்குப் போகட்டும். சிராங்கூன், பொங்கோல் ஆறுகளை ஒட்டிய 26 கிலோமீட்டர் வளையம் இருக்கிறது, கால் ஓயும்வரை சுற்றலாம். பின்னால் வருபவரின் சங்கிலி கழன்றபோது மாட்டிக் கொடுத்தவன், அடுத்த முறை கைக்கடிகாரத்தைப் பார்க்க மாட்டான்.

#7 பிடோக்_நடையர்

ஈசூன் நண்பரே, பேருந்து நிறுத்தத்தில் இறங்கி நடப்பதாக எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். குழுக்களைப் பற்றிய என் தயக்கம் முழுதாகப் போகவில்லை. எல்லாக் குழுக்களும் உங்களைப்போல் இல்லை. ஆனால் இதை எங்கள் பிடோக் வட்டாரக் குழுவினருக்கு அனுப்பியிருக்கிறேன்.

#8 சுங்கை_காடுட்_ஊழியர்

அனைவருக்கும் வணக்கம். நான் தங்கும் விடுதியில் இருக்கும் கட்டுமான ஊழியர், ஊர் புதுக்கோட்டைப் பக்கம். இந்த இழையை மூன்று நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று தயங்கிவிட்டு இப்போது எழுதுகிறேன்.

நான் தினமும் விடுதியிலிருந்து வேலையிடத்திற்குச் சைக்கிளில்தான் போகிறேன். போக 25 நிமிடம், வர 25 நிமிடம். ஊரில் அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவன் என்பதால் ஓட்டுவதில் பயமில்லை. ஆனால் இதை உடற்பயிற்சி என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. லாரிகள் போகும் சாலையில், மாலையில் களைத்த உடம்போடு, எப்போது அறைக்குப் போய்ச் சேருவோம் என்ற நினைப்பில் மிதிப்பதுதான். சென்ற மருத்துவப் பரிசோதனையில் இரத்த அழுத்தம் அதிகம் என்றார்கள். தாதி அக்காவிடம் ஒரு கேள்வி: வேலைக்குப் போகும் இந்த ஓட்டமும் அந்த 150 நிமிடக் கணக்கில் சேருமா?

இன்னொன்று ஈசூன் அண்ணனிடம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுமுறை. அன்று பெரும்பாலும் தேக்கா (லிட்டில் இந்தியா) போவேன், அல்லது அறையில் படுத்திருப்பேன். நீர்த்தேக்கத்தின் ஓரமாக யாரிடமாவது தமிழில் பேசிக்கொண்டு சைக்கிள் ஓட்டலாம் என்பது எனக்குத் தோன்றாத ஒன்று. நீங்கள் எல்லாரும் குடும்பத்தோடு இருப்பவர்கள், என் சைக்கிளும் பழையது. நான் வந்தால் யாருக்கும் சங்கடம் இருக்காது என்றால் வரலாமா?

#9 தாதி_உட்லண்ட்ஸ்

தம்பி, கட்டாயம் சேரும். உடலுக்கு வேலை ஓட்டம், விளையாட்டு ஓட்டம் என்ற வேறுபாடு கிடையாது. ஒரு நாளைக்கு 50 நிமிடம் என்றால் ஆறு நாளில் 300 நிமிடம்; உச்சவரம்பையே தொட்டுவிடுகிறீர்கள். பிரிட்டனில் இரண்டரை லட்சத்திற்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியான ஆய்வில், வேலைக்குச் சைக்கிளில் போனவர்களிடையே, ஆய்வு நடந்த காலத்தில் இறப்புக்கான அபாயம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. அவர்களுடைய மற்ற பழக்கங்களும் அதில் கலந்திருக்கலாம் என்பதால், சைக்கிள் ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் சிறிய வேறுபாடு அல்ல அது.

இரத்த அழுத்தம் அப்படியும் அதிகமாக இருக்கிறது என்றால், தூக்கத்தையும் உப்பையும் பார்க்க வேண்டும். விடுதிச் சாப்பாட்டில் ஊறுகாய், அப்பளம், கருவாடு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். மாத்திரை கொடுத்திருந்தால் சைக்கிளை நம்பி அதை நிறுத்திவிட வேண்டாம். நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நின்றுவிடுங்கள்.

#10 ஈசூன்_குளக்கரை

தம்பி, சங்கடம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். ஞாயிறு காலை 7 மணிக்கு ஈசூன் குளத்தின் மருத்துவமனைப் பக்கக் கரையில் நிற்போம். தண்ணீர் மட்டும் கொண்டுவாருங்கள். இடி மின்னல் எச்சரிக்கை இருந்தாலோ புகைமூட்டம் கடுமையாக இருந்தாலோ கிளம்ப மாட்டோம். புளோக்கின் கீழே உட்கார்ந்து தேநீர் குடிப்போம், அதற்கும் வரலாம். சாலை வழியாக வருவதால் தலைக்கவசம் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் சொல்லுங்கள், என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, சனிக்கிழமை மாலை கொண்டுவந்து தருகிறேன்.

மற்றவர்களுக்கு: பழைய செயின் அண்ணன் சொன்ன ஏற்பாட்டை அந்த நால்வரிடம் நேற்றிரவு பேசினேன். மூவர் உடனே ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் யோசிக்க வேண்டும் என்றார்; யோசிக்கட்டும். முழங்கால் வலியுள்ள அக்காவை அழைத்து, இருக்கையை எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். போய்ப் பார்த்தால், வாங்கிய நாளில் கடைக்காரர் வைத்த அதே தாழ்ந்த உயரம். நான்கு விரற்கடை ஏற்றினோம். புதன்கிழமை குளத்தைச் சுற்ற வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

#11 பழைய_செயின்

இந்த ஞாயிறு நானும் ஈசூனுக்கு வருகிறேன், கருவிப்பெட்டியோடு. தம்பி, உங்கள் சைக்கிளின் சக்கரம் எத்தனை அங்குலம்? பிரேக், விளக்கு எல்லாம் எப்படி இருக்கின்றன? சொன்னால் அதற்கேற்ற பொருளை எடுத்துவருவேன். காசு பற்றிப் பேச வேண்டாம்.

#12 சுங்கை_காடுட்_ஊழியர்

26 அங்குலம் அண்ணன். பின்சக்கரப் பிரேக் மட்டும்தான் பிடிக்கிறது, முன்சக்கரத்தில் கட்டை தேய்ந்து இரும்பு உரசுகிறது. முன்விளக்கு இருக்கிறது, பின்விளக்கு மழையில் நனைந்து அணைந்துவிட்டது. தலைக்கவசம் இருக்கிறது. என் அறையில் இன்னும் இரண்டு பேர் வரலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுடைய சைக்கிளும் 26 அங்குலம்தான்.